ஹேவ்லாக்கின் ஏழு யானைகள்

மாமல்லபுரத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டைக்குக் கீழேதான். சரிந்து இறங்கும் பாறை மீது, இதோ உருண்டுவிடப் போகிறது என்பதுபோல நிற்கும் கல். எடை சுமார் 250 டன் என்கிறார்கள். உள்ளங்கையால் அதைத் தாங்குவதுபோலப் படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் அபூர்வம். கூடவே ஒரு கதையும் கேட்கக் கிடைக்கும். 1908-ஆம் ஆண்டு, சென்னை ஆளுநர் ஆர்தர் ஹேவ்லாக், கல் உருண்டு ஊர்மேல் விழுந்துவிடும் என்று அஞ்சி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கவைத்தார்; கல் அசையவே இல்லை.

ஆய்வேடு எழுதும் முறையைப் பற்றிப் பேச, செங்கல்பட்டில் கல்லூரி மாணவர்களிடம் அவ்வப்போது போவது என் வழக்கம். இந்தமுறை ஒரு மாணவி மாமல்லபுரத்தைப் பற்றி முப்பது பக்கம் எழுதி வந்திருந்தாள். உழைப்புத் தெரிந்த கட்டுரை. பதினோராம் பக்கத்தில் ஏழு யானைகளும் நின்றன. அடிக்குறிப்பில் நான்கு இணைய முகவரிகள். "நாலு இடத்துல இருக்கு சார், நாலும் எப்படித் தப்பா இருக்கும்?" என்று கேட்டாள். நேர்மையான கேள்வி. இன்றைக்கு வரலாறு படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வியும் இதுதான்.

நான்கு பக்கங்களையும் வரிசையாகத் திறந்து வைத்துப் படித்தோம். வாக்கியங்களின் வரிசைகூட ஒன்றுபோலவே இருந்தது. ஒன்று இன்னொன்றைப் பார்த்து எழுதியது. அதை மூன்றாவது தமிழில் பெயர்த்திருந்தது. நான்காவது மூன்றாவதைச் சுருக்கியிருந்தது. நான்கு பேர் சாட்சி சொல்லவில்லை. ஒருவர் சொன்னதை மற்ற மூவர் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு சென்னை ஆளுநர்களின் பட்டியலைப் பார்த்தோம். சர் ஆர்தர் ஹேவ்லாக் ஆளுநராக இருந்தது 1896 மார்ச் முதல் 1900 டிசம்பர் வரை. 1908-இல் அந்த நாற்காலியில் இருந்தவர் சர் ஆர்தர் லாலி. 1906-இல் பதவியேற்று 1911 வரை இருந்தார். ஹேவ்லாக்கோ 1908 ஜூனில் இங்கிலாந்தில் காலமாகிவிட்டார். பதவி விட்டுப்போய் ஏழாண்டுக்கு மேல் ஆன ஒருவர், தம் கடைசி ஆண்டில், கடல் தாண்டி இருந்துகொண்டு மாமல்லபுரத்தில் யானை கட்டியிருக்க முடியாது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கண்டுபிடிக்க உதவியதும் இணையம்தான். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரை இணையத்துக்கு எதிரானது அல்ல.

சில பதிவுகளில் ஹேவ்லாக்கின் பெயர் இருக்கும் இடத்தில் லாலியின் பெயர் இருக்கிறது. ஆண்டும் ஆளும் பொருந்திவிட்டன. ஆனால், யானைகளுக்குப் புதிதாக ஒரு சான்றும் கிடைத்துவிடவில்லை. பிழையான பதிப்பைவிட இந்தத் திருத்திய பதிப்பைக் கண்டுதான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். ஓட்டை தெரிந்தால் படிப்பவர் நின்று பார்ப்பார். பூசி மெழுகிவிட்டால் கடந்து போய்விடுவார்.

அப்படியானால் எதைச் சான்று என்று ஏற்பது? ஆளுநர் ஒருவர் ஏழு யானைகளை வரவழைத்தால் அதற்கு ஆணை வேண்டும், செலவுக் கணக்கு வேண்டும். அந்தக் காலத்து ஆங்கில அரசு ஒரு ஓட்டைக் கூரையைச் சரிசெய்வதற்கும் கோப்பு எழுதிய அரசு. பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் 1904-இலேயே வந்துவிட்டது. தொல்லியல் துறை ஆண்டுதோறும் அறிக்கை அச்சிட்டது. சென்னையில் 'இந்து', 'மெயில்', 'சுதேசமித்திரன்' மூன்றும் நடந்துகொண்டிருந்தன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஓர் அரசாணை, ஓர் அறிக்கையில் ஒரு பத்தி, ஒரு நாளிதழில் நான்கு வரி — இவற்றில் ஒன்றைக் காட்டிக் கதையைச் சொல்லும் பக்கத்தை நம்பலாம். மாணவி கொண்டுவந்த நான்கில் ஒன்றும் அப்படி எதையும் காட்டவில்லை. அதே கல்லுக்கு 'வான் இறைக் கல்' என்பதுதான் பழைய பெயர் என்றும் அவற்றில் இருந்தது. எந்தக் கல்வெட்டில், எந்த ஏட்டில் என்று கேட்டால், ஆதாரமாக நீட்டப்படுவது ஒரு வெளிநாட்டுச் சுற்றுலாத் தளம். பல்லவர் ஊரில் கிடக்கும் கல்லின் தமிழ்ப் பெயருக்கு அது எப்படிச் சாட்சியாகும்?

ஒரு மூலத்தை 'நம்பலாம்', 'நம்பக்கூடாது' என்று மொத்தமாக முத்திரை குத்தும் பழக்கத்தை நாம் விட வேண்டும் என்பது என் கட்சி. கல்விக்கூடங்களில் பெரும்பாலும் அப்படித்தான் சொல்லித்தருகிறோம்: அரசுத் தளம் நல்லது, வலைப்பூ கெட்டது, விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டாதே. இது வாசலில் நிற்கும் காவலாளியின் முறை. உள்ளே வந்தபிறகு செய்யவேண்டிய வேலையை அது சொல்லித்தராது. கேட்கவேண்டியது வேறு: இதைச் சொல்கிறவருக்கு இது தெரிந்திருக்க வழி இருந்ததா? எதை அவர் கண்டார், எதைக் கேட்டார், எதை ஊகித்தார்?

மாமல்லபுரத்தின் 'ஏழு கோயில்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் நிற்பது ஒன்று, மீதி ஆறு கடலுக்குள் போய்விட்டன என்ற கதை. இதை ஆங்கிலத்தில் விரிவாக எழுதிவைத்தவர்களில் முதன்மையானவர் வில்லியம் சேம்பர்ஸ். அவர் இந்த ஊருக்கு வந்தது 1772-லும் 1776-லும். கட்டுரை எழுதியது 1784-இல். கல்கத்தாவின் 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் அது அச்சேறியது 1788-இல். நினைவிலிருந்து எழுதுகிறேன் என்று அவரே முதல் வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார். கடலுக்குள் வெகுதூரத்தில் செம்புத் தகடு வேய்ந்த கோயில் உச்சிகளைப் பார்த்ததாகவும், சூரியன் எழும்போது அவை மின்னியதாகவும் ஊரின் முதியவர்கள் நினைவுகூர்ந்தார்களாம். அந்தச் செம்பு பிறகு களிம்பேறிவிட்டதால் மினுக்கம் இப்போது தெரிவதில்லை என்றும் சொன்னார்களாம்.

அதாவது, சேம்பர்ஸ் அந்த உச்சிகளைப் பார்க்கவில்லை. முதியவர்கள் பார்த்ததாகச் சொன்னவர்களைப் பார்த்தார். அதையும் பல ஆண்டு கழித்து எழுதினார். 1770-களில் இந்தக் கடற்கரையில் மக்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு அவர் அருமையான சாட்சி. கடலடியில் என்ன இருக்கிறது என்பதற்கு அவர் சாட்சியே இல்லை. ராபர்ட் சதே என்ற ஆங்கிலக் கவிஞர் 1810-இல் வெளியிட்ட தம் நெடுங்கவிதையில் இந்த மூழ்கிய நகரத்தைக் கொண்டுவந்தார். கவிதைக்கு அது அழகுதான். அங்கிருந்து பயண நூல்களுக்குப் போய், வழிகாட்டிகளின் வாய்க்கு வந்து, இப்போது யூடியூப் காணொலிகளில் 'வரலாற்று ஆவணங்கள் சொல்கின்றன' என்ற முன்னுரையோடு வலம் வருகிறது. எந்த ஆவணம் என்று தேடிப் போனால் பெரும்பாலும் சேம்பர்ஸின் அந்த ஒரு பத்தியில்தான் வந்து முடிகிறது.

இதே கடலில் 2002 ஏப்ரலில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் இங்கிலாந்தின் ஆய்வுப் பயணச் சங்கம் ஒன்றும் சேர்ந்து முக்குளித்துப் பார்த்தன. இடத்தைக் காட்டியவர்கள் உள்ளூர் மீனவர்கள். எந்தப் பாரில் வலை சிக்கும், எங்கே மடி கிழியும் என்பது தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குத் தெரியும். கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தொலைவில், ஐந்திலிருந்து எட்டு மீட்டர் ஆழத்தில், செதுக்கிய கற்களும் சுவர்போன்ற அமைப்புகளும் கிடந்தன. மீனவர் சொன்ன இடம் சரியாகவே இருந்தது.

தகராறு காலத்தைப் பற்றித்தான் வந்தது. பயணத்தில் பங்கேற்ற எழுத்தாளர் கிரஹாம் ஹான்காக்கும் அவர் வழி வந்தவர்களும், கடல்மட்டம் உயர்ந்த வரலாற்றைக் கணக்குப் போட்டு 6000 ஆண்டுக்கு முந்திய நகரம் என்றார்கள். கடலியல் நிறுவனத்தார் 1500 முதல் 1200 ஆண்டுகளுக்கு உட்பட்டது, பல்லவர் காலத்தது என்று மதிப்பிட்டார்கள். இன்று இணையத்தில் எங்கு தேடினாலும் மேலே வந்து நிற்பது 6000. அதுதான் மனத்தை இழுக்கிறது.

இரண்டில் எதை ஏற்பது என்பதற்கு வாசகர் முனைவர் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை. ஒரு கட்டடம் தண்ணீருக்குள் போக இரண்டு வழி உண்டு. கடல் உயரலாம், அல்லது கரை அரிக்கப்பட்டு, கட்டடம் சரிந்து விழலாம். ஹான்காக்கின் கணக்கு முதலாவதை மட்டும் வைத்துப் போட்டது. இந்தக் கரையோ அரிக்கும் கரை. கடற்கரைக் கோயிலைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டித் தடுப்பு போட்டிருப்பதை நாமே பார்க்கிறோம். ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டும் அரிப்பு வீதம் ஆண்டுக்குச் சராசரி 55 சென்டிமீட்டர். அதை 1200 ஆண்டால் பெருக்கினால் 660 மீட்டர். கற்கள் கிடக்கும் தொலைவு ஏறக்குறைய அதுதான். அரிப்பு எல்லாக் காலத்திலும் ஒரே வேகத்தில் நடக்காது என்பதால் இது முடிந்த தீர்ப்பாகாது. ஆனாலும், இந்தப் பக்கம் காரணம் இருக்கிறது, அளவு இருக்கிறது, கரையில் பல்லவர் கட்டியது கண்முன் நிற்கிறது.

மீனவரிடம் இடத்தைக் கேட்கலாம்; காலத்தைக் கேட்கக்கூடாது. சேம்பர்ஸிடம் ஊர்ப்பேச்சைக் கேட்கலாம்; கடலடியைக் கேட்கக்கூடாது. மாணவர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஒரே இடத்துக்குள்ளேயே இந்தப் பாகுபாடு தேவைப்படும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் மணலை வாரிக்கொண்டு போனது. பாறை ஒன்றில் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டு வெளித் தெரிந்தது. திருவிழ்ச்சில் என்ற ஊரின் சுப்பிரமணியர் கோயிலை அங்குள்ள கல்வெட்டுகள் குறிப்பிட்டன. கோயில் எங்கே என்று தேடிய இந்தியத் தொல்லியல் துறை 2005-இல் பக்கத்திலேயே தோண்டி, முருகன் கோயிலின் அடித்தளத்தைக் கண்டெடுத்தது. மேலே கல் கட்டுமானம், அதற்கு அடியில் செங்கல் கட்டுமானம். மேலடுக்குக்குக் கல்வெட்டுகள் இருப்பதால் பல்லவர் முதல் சோழர் வரை காலம் சொல்ல முடிகிறது. அடியடுக்குச் சங்ககாலத்தது என்பது செங்கல்லின் அளவையும் மண்ணடுக்கையும் கிடைத்த பொருள்களையும் வைத்துத் தொல்லியலாளர் செய்த முடிவு. அதில் ஐயம் எழுப்பிய அறிஞர்களும் உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் செய்தியில் இந்த இரண்டு அடுக்கும் ஒன்றாகி, 'இரண்டாயிரம் ஆண்டு பழமை கல்வெட்டால் உறுதி' என்று ஒரே வரியாகிவிடுகிறது. அந்த வரியை எழுதியவர் பொய் சொல்ல நினைத்திருக்க மாட்டார். ஊர்ப்பற்றுதான். ஆனால், உறுதியானதையும் ஊகத்தையும் ஒட்டவைத்தால், நாளைக்கு ஊகம் உடையும்போது உறுதியானதும் சேர்ந்து உடையும்.

இனி, மூல நூல்கள் விஷயம். முப்பது ஆண்டுக்கு முன் செங்கல்பட்டுப் பையன் ஒருவன் மாமல்லபுரத்துக் கல்வெட்டுகளைப் படிக்க வேண்டுமென்றால் ரயிலேறிக் கன்னிமாரா நூலகத்துக்குப் போய், அங்கே புத்தகம் கைக்கு வரக் காத்திருக்க வேண்டும். ஹூல்ட்ஸ் பதிப்பித்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதி 1890-இல் வந்தது. இவ்வூர்ப் பல்லவர் கல்வெட்டுகளோடுதான் அது தொடங்குகிறது. சேம்பர்ஸ் உள்ளிட்ட பழைய கட்டுரைகளை எல்லாம் திரட்டி கேப்டன் கார் 1869-இல் ஒரு தொகுப்புப் போட்டார். இரண்டும் இன்று கைப்பேசியில் திறக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும் பழைய தமிழ் நூல்களைச் சொல்லி மாளாது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது எத்தனை பெரிய கதவு என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆனால் ஒரு நுணுக்கம். நூலின் பக்கத்தை அப்படியே படமெடுத்துப் போட்டிருப்பது வேறு; அதைப் பார்த்து யாரோ தட்டச்சு செய்து போட்டிருப்பது வேறு. கல்வெட்டுப் பதிப்பில் சிதைந்த எழுத்துகளைப் பதிப்பாசிரியர் சதுர அடைப்புக்குள் வைப்பார். இங்கே கல் தெளிவாக இல்லை, நான் இப்படிப் படிக்கிறேன் என்று அவர் நம்மிடம் சொல்லும் முறை அது. தட்டச்சு செய்கிறவர் அந்த அடைப்புகளை இடைஞ்சல் என்று எடுத்துவிட்டால், ஊகம் அந்த நொடியே கல்லில் வெட்டிய எழுத்தாகிவிடுகிறது. அடிக்குறிப்புகளும் அப்படித்தான் காணாமல் போகும். ஆகவே, தேடுவதற்குத் தட்டச்சுப் பதிப்பு, மேற்கோளுக்குப் படப் பதிப்பு என்று வைத்துக்கொள்வது நல்லது.

தேடும் சொல்லிலும் கவனம் வேண்டும். 'செங்கல்பட்டு' என்று கூகுளில் போட்டால் வருவது பெரும்பாலும் இன்றைய செய்தி. பழைய ஆவணங்கள் ஆங்கிலத்தில் 'சிங்கிள்புட்' என்ற பெயருக்குள் ஒளிந்திருக்கின்றன. மாமல்லபுரம் 'மாவலிபுரம்', 'செவன் பகோடாஸ்' என்ற பெயர்களுக்குள். இன்னொன்று: அந்தப் பழைய செங்கல்பட்டு மாவட்டம் இன்றைய மாவட்டம் அன்று. காஞ்சிபுரம், திருவள்ளூர் எல்லாம் அதற்குள் அடக்கம். 1997-இல் அது பிரிந்தது, இன்றைய மாவட்டம் 2019 நவம்பரில் உருவானது. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30-இல் கற்கருவி கண்டெடுத்த பல்லாவரம் இன்று செங்கல்பட்டு மாவட்டம். அதே ஆண்டில் பேர்பெற்ற அத்திரம்பாக்கம் திருவள்ளூர் மாவட்டம். பழைய நூலில் இரண்டும் ஒரே மாவட்டம்தான். இதை அறியாமல் ஒரு தளம் 'திருத்தம்' செய்ய, இன்னொன்று மறுக்க, நடுவில் மாணவர் திணறுகிறார்.

நமக்குப் பிடித்ததைச் சொல்லும் மூலத்தைச் சோதிப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். கல்கி தம் இதழில் 1944 முதல் 1946 வரை எழுதிய 'சிவகாமியின் சபதம்' என் தலைமுறைக்கு மாமல்லபுரத்தைக் காதலிக்கச் சொல்லித்தந்தது. ஆயனரும் சிவகாமியும் அவர் கற்பனையில் பிறந்தவர்கள். இன்று அவர்களின் பெயரைப் போட்டு 'மாமல்லைச் சிற்பத்தை வடித்தவர்' என்று எழுதும் பதிவுகளைப் பார்க்கிறேன். மகேந்திரவர்மனும் நரசிம்மவர்மனும் வாதாபிப் போரும் உண்மை என்பதால், அந்த உண்மையின் கைபிடித்துக் கற்பனையும் உள்ளே வந்துவிடுகிறது. சீனத்துக்குப் போன பௌத்தத் துறவி போதிதருமரின் கதையும் அப்படி. அவரைப் பற்றிய ஆகப் பழைய குறிப்பு, கி.பி. 547-ஐ ஒட்டி யாங் சுவான்ஷி எழுதியது. அதில் அவர் மேற்குத் திசையிலிருந்து வந்த பாரசீகர். சிறிது பிற்பட்ட டான்லின், தென்னிந்திய மன்னர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். பல்லவர் என்ற சொல் இரண்டிலும் கிடையாது. 2011-இல் '7ஆம் அறிவு' படம் வந்தபிறகு, அவர் காஞ்சிப் பல்லவ இளவரசர் என்பது தமிழ் இணையத்தில் ஐயத்துக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது. 2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்தபோது அது இன்னொரு சுற்று வந்தது. தென்னிந்தியர் என்பதற்குப் பழைய சான்று இருக்கிறது. அதோடு நிற்பதில் நமக்கென்ன குறை?

அறிஞர்களுக்குள்ளேயே முடியாத வழக்குகளும் உண்டு. இங்குள்ள சிற்பங்களை மகேந்திரன், மாமல்லன், ராஜசிம்மன் என்று பல தலைமுறைப் பல்லவ மன்னர்கள் செய்வித்ததாகப் பலர் கொள்ள, ஏறக்குறைய அனைத்தும் ராஜசிம்மன் ஒருவனுடையதே என்று 1962-இல் இரா. நாகசாமி வாதிட்டார். பெரும்பாறைச் சிற்பத்தில் தவம் செய்வது அர்ச்சுனனா, பகீரதனா என்பது நூறாண்டுக்கு மேற்பட்ட வாதம். இத்தகைய இடத்தில் ஒரே விடையை உறுதியாகச் சொல்லும் பக்கத்தைவிட, இரண்டு தரப்பையும் பெயரோடும் ஆண்டோடும் சொல்லும் பக்கத்தை நான் நம்புவேன். கேட்ட நொடியில் சரளமாக விடை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இந்த இணையத்தைப் படித்து வளர்ந்தவை. ஹேவ்லாக்கின் யானைகளையும் சேர்த்துத்தான் படித்திருக்கும்.

அந்த மாணவி கட்டுரையைத் திருத்தி எழுதினாள். யானைகளை அவள் நீக்கவில்லை. 'இப்படி ஒரு கதை வழங்குகிறது. 1908-இல் ஹேவ்லாக் ஆளுநர் அல்லர்' என்று இரண்டு வரியாக்கினாள். வழங்கும் கதையும் ஊரின் வரலாற்றில் ஒரு பகுதிதான் என்று காரணமும் சொன்னாள். எனக்குத் தோன்றாத காரணம் அது.

பிறகு ஒரு சனிக்கிழமை அவளும் தோழர்கள் மூவருமாகத் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து பிடித்து மாமல்லபுரத்துக்கு வந்தார்கள். சாளுவன்குப்பத்தில் அதிரணசண்ட மண்டபம் என்று ஒரு குடைவரை இருக்கிறது. அதைச் செய்வித்த பல்லவ மன்னன், தன் வடமொழிச் செய்யுள்களைத் தென்சுவரில் கிரந்த எழுத்திலும், ஏறக்குறைய அதே செய்யுள்களை வடசுவரில் நாகரி எழுத்திலும் வெட்டிவைத்தான். ஹூல்ட்ஸின் பக்கங்களைக் கைப்பேசியில் திறந்துவைத்துக்கொண்டு, நால்வரும் தென்சுவரில் எழுத்தெழுத்தாகத் தேடினார்கள். ஓரிடத்தில் கல் தேய்ந்திருந்தது. அச்சில் இருப்பதை அப்படியே குறித்துக்கொள்ளலாமா என்று ஒருவன் கேட்டான். அவள் பதில் சொல்லாமல் கைப்பேசியோடு வடசுவருக்குப் போனாள்.